மனநல ஓபிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

தம்பியை முதன்முதலாக மனநல ஓபிக்கு அழைத்துப் போனபோது அவனுக்கு 23 வயது. எங்களுக்கு மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம். விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் போய், வரிசையில் நின்று சீட்டு வாங்கி, மத்தியானத்துக்கு மேல் டாக்டரைப் பார்த்தோம். நாலு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். கையில் மூன்று தினுசு மாத்திரை. சீட்டில் இங்கிலீஷில் ஒரு பெயர். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு என்று எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்கலாம் என்பதும் தெரியாது. பஸ்ஸில் அம்மா, "என்னம்மா சொன்னாரு டாக்டரு?" என்றாள். "நரம்புத் தளர்ச்சியாம்மா" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவேயில்லை. அம்மா பயந்துவிடக் கூடாதென்று நானாகச் சொன்னது.

அது ஆகி 16 வருஷம். இப்போது தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாராவது கூப்பிட்டால் ஓபிக்குத் துணைக்குப் போகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஒரு நோயாளியின் அக்கா. அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சீட்டில் எழுதுகிற பெயர், நோய் எதனால் வந்தது என்று சொல்வதில்லை. இப்போதைக்கு என்ன செய்து பார்க்கலாம் என்று சொல்கிறது. மாத்திரையும் சில காரியங்களைத்தான் செய்யும். இந்த இரண்டும் முதல் மாதத்திலேயே புரிந்த வீடுகள் தாக்குப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். புரியாத வீடுகளில் ஆறு மாதத்தில், "எல்லாம் செஞ்சு பாத்தாச்சு" என்று கையை விரித்துவிடுகிறார்கள்.

போகும் முன் ஒரு நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஓபியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிஷங்கள்தான். அதற்குள் சொல்ல வேண்டியதை முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிட வேண்டும்.

எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எப்படி, பேச்சு கூடியதா குறைந்ததா, வேலைக்குப் போகிறாரா. எழுதும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள். "பைத்தியம் மாதிரி பண்றான்" என்பதை வைத்து டாக்டர் எதுவும் செய்ய முடியாது. "நாலு நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மாட்டுக் கொட்டாயைக் கூட்டுறான், கேட்டா கலெக்டர் வர்றாருன்னு சொல்றான்" என்று இருந்தால் அவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

கூடவே, தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு வந்ததுண்டா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, குடிப்பழக்கம் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது என்றைக்கு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் எழுதுங்கள். நாட்டுமருந்து, பொட்டலத்தில் வாங்கிய பொடி இதையெல்லாம் மறைக்க வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் எழுதுங்கள். தற்கொலை செய்துகொண்ட சித்தப்பாவை 'வயித்துவலியில போயிட்டாரு' என்று சொல்லியே நம் வீடுகளில் பழக்கம். அதை டாக்டரிடமாவது சரியாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கேள்விதான் நான் தவறிய இடம். டாக்டர், "இதுக்கு முன்னாடி இப்படி இருந்திருக்கா?" என்று கேட்டார். தம்பி அப்போது மூன்று மாதமாகப் பேச்சே இல்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். 'இப்படி' என்றால் படுத்துக் கிடப்பது என்று நினைத்து, இல்லை என்றேன். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு சம்பா அறுப்பு முடிந்த கையோடு, பத்துப் பன்னிரண்டு நாள் அவன் தூங்கவேயில்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பழைய டிராக்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான். ஊரில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதுவும் இதே நோயின் இன்னொரு முகம் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே சோர்வுக்காகப் போகிறவர்கள், எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் எல்லை மீறி, பல நாள் இருந்ததுண்டா என்று யோசித்து எழுதிக்கொண்டு போங்கள். அப்படி ஒன்று இருந்திருந்தால் கொடுக்கும் மாத்திரையே வேறு. நான் சொல்லாததால் தம்பிக்கு மனச்சோர்வுக்கான மாத்திரைகளை மட்டும் எழுதினார்கள். ஐந்தாவது வாரம் அவன் தலைகீழாக மாறி, விடிய விடியப் பாடிக்கொண்டு வடவாற்றங்கரையில் நடக்க ஆரம்பித்தான். ஒரு சமயம் சோர்வு, ஒரு சமயம் அளவுமீறிய உற்சாகம் என்று மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர்களில் சிலருக்கு அந்த மாத்திரை மட்டும் தனியாகக் கொடுத்தால் இப்படித் திருப்பிவிடும்.

எங்கே போவது

தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாளில் வருகிறார்கள். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை அரசு சுகாதார உதவி எண் 104க்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு பஸ் மாறிப் போய் நாள் தப்பித் திரும்புவது பெரிய சலிப்பு. அந்தச் சலிப்பிலேயே பலர் அடுத்த தடவை வர மறுத்துவிடுகிறார்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சில விஷயங்களுக்கு ஓபி நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது, 108தான். காய்ச்சலோடு பிதற்றுவது. ஆள், இடம், நேரம் குழம்புவது. பிரசவமான முதல் சில வாரத்தில் தாய் தூக்கமில்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, வேர்த்து, இல்லாத பூச்சியைப் பிடிப்பது. மாலை போட்டுக் குடியை நிறுத்தியவருக்கு இப்படி வந்தால் சாமி வந்திருக்கிறது என்று வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. செத்துவிடுவேன் என்று சொல்பவரையும் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

சீட்டில் பெயர் எப்படி வருகிறது

சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிறார்கள், எலும்புக்குப் படம் எடுக்கிறார்கள். மனநோய்க்கு அப்படி ஒரு பரிசோதனை இன்றுவரை கிடையாது. மூளை ஸ்கேன் எடுத்து 'இது மனச்சிதைவு' (இல்லாத குரல் கேட்கும், வீண் சந்தேகம் வரும் நோய்) என்று சொல்ல முடியாது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதினால், அது வேறு உடம்பு நோய் இப்படி வேஷம் போடுகிறதா என்று பார்க்கத்தான். தைராய்டு குறைந்தாலும் சோகை இருந்தாலும் ஆள் மந்தமாகி மனச்சோர்வு போலவே இருப்பார். பி12 குறைவும், வயதானவர்களுக்குச் சோடியம் குறைவதும் குழப்பத்தைக் கொண்டுவரும். எனவே இந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதாவிட்டால், "தைராய்டு பாக்கணுமா சார்?" என்று நீங்களே கேட்கலாம்.

மனநோயின் பெயர், அறிகுறிகளையும் அவை நீடித்த நாட்களையும் வைத்து எழுதுவது. உலக சுகாதார நிறுவனம் ஐசிடி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் டிஎஸ்எம் என்று தனிப் புத்தகம் வைத்திருக்கிறது. மனத்தாழ்வோ ஆர்வமின்மையோ, கூடவே தூக்கம், பசி, கவனம், குற்ற உணர்வு இவற்றில் மாற்றமும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி இருந்தால் மனச்சோர்வு. கட்டுக்கடங்காத உற்சாகம் ஒரு வாரம் இருந்தால் மனஎழுச்சி. மனச்சிதைவுக்கு ஐசிடி ஒரு மாதம் கேட்கிறது, டிஎஸ்எம் ஆறு மாதம் கேட்கிறது. அதாவது ஒரே ஆளை இரண்டாம் மாதத்தில் ஒரு புத்தகம் ஒரு பெயரிலும், இன்னொன்று வேறு பெயரிலும் சொல்லும். இதைத் தெரிந்துகொண்டால், டாக்டர் பெயரை மாற்றும்போது "அவருக்கே ஒண்ணும் தெரியலை" என்று கோபப்பட மாட்டீர்கள். நாள் ஆக ஆகத் தெரியும் விஷயம் கூடுகிறது, பெயர் மாறுகிறது. தம்பிக்கு மூன்று தடவை மாறியது. மூன்றாவதுதான் நின்றது.

பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்பதற்குச் சொல்கிறேன். தன்பால் ஈர்ப்பை 1973 வரை அமெரிக்கச் சங்கமும் 1990 வரை உலக சுகாதார நிறுவனமும் நோய்ப் பட்டியலில் வைத்திருந்தன. பிறகு எடுத்துவிட்டார்கள். மனிதர்கள் கூடி எழுதுகிற பட்டியல் இது. பிழைகளும் இருக்கும், திருத்தமும் நடக்கும். அதற்காகத் தம்பி அனுபவித்தது பொய்யாகிவிடாது. ராத்திரி ஆற்றங்கரையில் அவனைத் தேடிக்கொண்டு டார்ச்சோடு ஓடியது நான்.

நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதன் 3ஆம் பிரிவுப்படி, மனநோயா என்பதை தேசிய, சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட மருத்துவத் தரத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்கத்துக்கும் வழக்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து நோய் என்று முடிவுகட்டக் கூடாது. வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணை, "புத்தி பேதலிச்சுப் போச்சு, மாத்திரை எழுதிக் கொடுங்க" என்று இழுத்து வரும் அப்பாக்களை ஓபி வாசலிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குச் சட்டம் துணை இருக்கிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: "சார், இது என்ன நோய்னு தமிழ்ல சொல்லுங்க. வேற என்னவா இருக்கலாம்? எப்ப உறுதியாச் சொல்ல முடியும்?" சிலர் எரிச்சல்படுவார்கள். பெரும்பாலானவர்கள் நின்று பதில் சொல்கிறார்கள். யாரும் கேட்பதில்லை என்பதால்தான் சொல்வதில்லை. நோயின் தன்மையையும் சிகிச்சையையும் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று அதே சட்டம் சொல்கிறது. அவர் சார்பில் பேச ஒருவரை அவரே எழுத்தில் நியமிக்கவும் வழி உண்டு. தெளிவாக இருக்கும்போதே அதைச் செய்து வைப்பது நல்லது.

மாத்திரை எதைச் செய்கிறது

"மூளையில ஒரு திரவம் குறைஞ்சிருக்கு, மாத்திரை அதை நிரப்பும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அம்மாவிடம் நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். மனச்சோர்வுக்கு இது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. மனநோய் மருந்துகளில் பல, ஏன் வேலை செய்கின்றன என்பது தெரியும் முன்பே, வேலை செய்வதைப் பார்த்துப் புழக்கத்துக்கு வந்தவை. லித்தியம் என்ற மருந்தை ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் 1949இல் மனஎழுச்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குளோர்புரோமசின் என்ற மருந்து 1952இல் பாரிஸில் மனநோய்க்கு வந்தது. வயலில் பூச்சி எது என்று தெரியாமலே ஒரு கரைசல் கேட்பதுண்டு அல்லவா, அந்த மாதிரி. கேட்கிறது என்பது உண்மை. காரணம் முழுதாகப் பிடிபடவில்லை.

எவ்வளவு கேட்கும்? 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, 21 மனச்சோர்வு மருந்துகளை 522 பரிசோதனைகளில், 1,16,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்தது. எல்லாமே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. ஆனால் சராசரியில் அந்த வித்தியாசம் சிறியதுதான். சிலருக்கு உயிரை மீட்டுத் தரும், சிலருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையும் அன்றாட வேலைகளை மெல்ல மெல்லக் கூட்டுவதும் முதலில் செய்ய வேண்டியவை. நடுத்தரமானதிலும் பேச்சு சிகிச்சை ஏறக்குறைய மாத்திரைக்கு ஈடாக நிற்கும். நம் பக்கம் பேச்சு சிகிச்சைக்கு ஆள் குறைவு. அதனாலேயே எல்லோரும் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறோம்.

மனச்சிதைவில் காதில் கேட்கும் குரல், யாரோ கெடுக்கிறார்கள் என்ற சந்தேகம் இவற்றை மாத்திரை நன்றாக அடக்கும். ஆனால் ஆர்வமின்மை, யாரோடும் ஒட்டாமல் மூலையில் உட்கார்வது, யோசனை மந்தமாவது இவற்றில் அதிகம் உதவாது. குரல் நின்ற பிறகும் மகன் சும்மா உட்கார்ந்திருந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, திட்டாதீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதுமான அளவு கேட்பதில்லை. இரண்டு மருந்தைச் சரியான அளவில், போதிய வாரம் கொடுத்தும் கேட்காவிட்டால் க்ளோசபின் என்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள். அதற்கு வெள்ளணு எண்ணிக்கையை முதல் 18 வாரம் வாராவாரம் பார்க்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் பத்து வருஷம் மூலையில் இருந்த ஒரு அண்ணன் அதில் எழுந்து கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை அட்டை ஒவ்வொன்றையும் காட்டி நாலு கேள்வி கேளுங்கள்: இது எதற்கு, எத்தனை வாரத்தில் தெரியும், என்ன தொந்தரவு வரும், எவ்வளவு நாள்? பதிலை நோட்டில் எழுதுங்கள். மனச்சோர்வு மாத்திரை நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். தொந்தரவோ முதல் வாரமே வரும். அதனால்தான் பத்தாம் நாள் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம், ஆகவே தனியே விடாமல் பாருங்கள். பூச்சிமருந்து டப்பாவை அந்த வீட்டிலிருந்து எடுத்துப் பங்காளி வீட்டில் பூட்டி வையுங்கள். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் செய்யச் சொல்வது இதுதான். மாத்திரைகளையும் மொத்தமாக நோயாளி கையில் கொடுக்காதீர்கள்.

குளோனாசெபாம், லோராசெபாம், அல்பிராசோலாம் எல்லாம் தூக்கமும் நிம்மதியும் உடனே தரும். அதனாலேயே நோயாளிக்கு அதுதான் 'நல்ல மாத்திரை'. சில வாரத்துக்கு மேல் போனால் அது இல்லாமல் இருக்க முடியாமல் போகலாம். எழுதும் அன்றே, "இதை எப்ப நிறுத்துவீங்க?" என்று தேதி கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வருஷக்கணக்காக வாங்கிச் சாப்பிடும் எத்தனையோ அத்தைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

மனச்சிதைவுக்கும் மனஎழுச்சிக்கும் கொடுக்கும் மருந்துகளில் ஒலான்சபின் எடை ஏற்றும், சர்க்கரையைக் கொண்டுவரும். ஆரம்பத்திலேயே எடை, இடுப்பளவு, சர்க்கரை பார்த்து எழுதிவைத்துச் சில மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். ரிஸ்பெரிடோன் மாதவிலக்கை நிறுத்தலாம், பால் சுரக்கச் செய்யலாம். பெண்கள் இதை ஆண் டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் சொல்லுங்கள். கை விறைப்பு, ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் மாற்றிக்கொண்டே இருப்பது இவையும் மருந்தின் வேலை, நோய் முற்றியது என்று நினைத்து அளவைக் கூட்டிவிடக் கூடாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு, மனஎழுச்சிக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்தை எழுதினால் கட்டாயம் கேளுங்கள், அது கருவைப் பாதிக்கும்.

லித்தியம் சாப்பிடுகிறவர் வெயிலில்

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். தம்பிக்குக் கடைசியில் லித்தியம்தான் பிடித்தது. மூன்று வருஷம் நன்றாக இருந்தான். ஒரு வைகாசியில் கோடைப் பருத்தி எடுப்பு. ஆள் கிடைக்கவில்லை என்று அவனும் இறங்கினான். காலையிலிருந்து குனிந்து எடுத்ததில் இடுப்புவலி. மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கி மூன்று நாள் போட்டான். வயிற்றுப்போக்கும் இருந்திருக்கிறது, சொல்லவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் மடியில் கட்டிய பருத்தியோடு வரப்பில் வந்தான். கால் ஒரு பக்கம் இழுத்தது. சொம்புத் தண்ணீரைக் கொடுத்தேன்; வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் சிந்திவிட்டது. கை அப்படி ஆடியது. நாக்கு குழறியது. பக்கத்துக் கொல்லை அண்ணன், "என்னக்கா, இவனும் ஆரம்பிச்சுட்டானா?" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் குடிதான் என்று தோன்றியது. முகத்தில் வாசனை பார்த்தேன். இல்லை. வாந்தி எடுத்தான். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது லித்தியம் அளவு இரண்டைத் தாண்டியிருந்தது. சாதாரணமாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டும்.

லித்தியம் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. வேர்த்துக் கொட்டி உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். வேர்வை, வயிற்றுப்போக்கு, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தது அவனுக்கு. யாரும் எங்களிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வெயிலில் வேலை என்றால் உப்புப் போட்ட மோர், தண்ணீர். பிரஷர் என்று திடீரென உப்பைக் குறைக்காதீர்கள், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். வாந்தி பேதி வந்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள். ரத்த அளவு பார்ப்பது கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. சிறுநீரகமும் தைராய்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

மாத்திரை செய்யாதது

தம்பி தெளிந்தபோது அடகு வைத்த சங்கிலி மூழ்கிப் போயிருந்தது. டிராக்டர் முன்பணம் திரும்பவில்லை. பாட்டுப் பாடி ஆற்றங்கரையில் நடந்ததை ஊர் மறக்கவில்லை. மாத்திரை அவனைத் தூங்க வைத்தது, நினைப்பை நிதானப்படுத்தியது. கடனை அடைக்கவில்லை. தெருவில் நடக்கும் தைரியத்தைக் கொடுக்கவில்லை. அதெல்லாம் எங்கள் வேலையாக இருந்தது.

டெல்டாவில் இதை நாம் நேராகவே பார்க்க வேண்டும். மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போச்சு, வாரத் தவணைக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், அதனால் தூக்கம் வரவில்லை என்கிறவருக்கு மாத்திரை தூக்கத்தைத் தரும், தவணையைத் தராது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை கடந்து, ஒரே ராத்திரியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 20 வருஷம் வளர்த்த மரம் கிடப்பதைப் பார்த்து அழுதவர் எல்லாம் நோயாளி இல்லை. அவர்களில் சிலருக்கு நோய் வந்தது என்பதும் உண்மை. எது எது என்று டாக்டர் பிரித்துப் பார்க்க, நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். கடனையும் குடியையும் அடியையும் சொல்லாமல், "தூக்கம் வரலை" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரைதான் கிடைக்கும். புருஷன் அடிப்பதால் அழுகிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது அடி நிற்பது.

வீட்டில் செய்ய வேண்டியதில் பெரியது, வாயை அடக்குவது. ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். "உன்னாலதான் குடும்பமே போச்சு" என்று எங்கள் அப்பா தினமும் சொல்வார். அவரையும் ஒருநாள் ஓபிக்கு அழைத்துப் போய் டாக்டர் வாயால் சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு குறைந்தது.

தூக்கம் அடுத்தது. இருதுருவ நோய்க்கு ஒரு ராத்திரி விழிப்பே தீப்பொறி. மோட்டாருக்கு மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்தாலும், முறைத்தண்ணீர் விடியற்காலை வந்தாலும் தம்பி போவதில்லை. அத்தான் போகிறார். பதிலுக்கு அவர் கடையில் பகலில் தம்பி உட்காருகிறான். உட்கார ஒரு இடம், சாயங்காலம் கையில் கொஞ்சம் காசு. அவன் தலை நிமிர்ந்தது அங்கேதான்.

நோய் நீண்டு வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று கிடைத்தால் அடையாள அட்டை, சலுகைகள் உண்டு. சிகிச்சைச் சீட்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

கோயிலும் தர்காவும்

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாங்களும் குணசீலத்தில் 48 நாள் இருந்தோம். திருவிடைமருதூர் போனோம். நாகூரிலும் ஒரு வியாழக்கிழமை ராத்திரி தங்கினோம். அம்மாவுக்கு அங்கேதான் அழ இடம் கிடைத்தது. மற்றக் குடும்பங்களைப் பார்த்து, நமக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததும் அங்கேதான். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். விரதம் என்றால் மருந்து நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சங்கிலியால் கட்டும் இடத்தில் ஒரு ராத்திரிகூட விடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் தர்கா பக்கத்து மனநோயாளிகள் விடுதியில் தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்த 28 பேர் செத்தார்கள். எந்த வகையிலும் சங்கிலி போடுவதை 2017 சட்டம் தடை செய்கிறது.

நிறுத்துவது, குறைப்பது

"நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மாத்திரை?" என்று பெரியம்மா கேட்பார்கள். "காலம் பூராவும் சாப்பிடணும்" என்று இன்னொருவர் பயமுறுத்துவார். இரண்டும் எல்லோருக்கும் பொருந்தாது. முதல்முறை மனச்சோர்வு வந்தவர் முழுதாகத் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்படி மெல்லக் குறைத்து நிறுத்தலாம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். அதை நோய் திரும்பியது என்று தவறாக நினைப்பதுண்டு. லித்தியத்தைச் சட்டென விட்டால் மனஎழுச்சி வேகமாகத் திரும்பும். பல தடவை நோய் திரும்பியவர்களுக்கு நீண்ட காலம் தேவைப்படும். அப்படியானாலும், "அளவைக் குறைக்க முடியுமா? இந்த நாலு மாத்திரையில எது இன்னும் வேணும்?" என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது கேளுங்கள். சீட்டைப் பார்த்து அப்படியே திரும்ப எழுதிக் கொடுப்பது கூட்டமுள்ள ஓபியில் சாதாரணமாக நடக்கும். தம்பிக்கு விறைப்புக்காகக் கொடுத்த டிரைஹெக்சிபெனிடில், விறைப்பு வரவைத்த மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வருஷம் சீட்டில் இருந்தது. மறதி வருகிறது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நோட்டைக் காட்டிக் கேட்ட அன்றுதான் அதை எடுத்தார்கள்.

குறைப்பதாக முடிவானால் நடவு, அறுப்பு, கல்யாணம் என்று தூக்கம் கெடும் மாதத்தில் ஆரம்பிக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். போன தடவை நோய் திரும்பியபோது முதலில் தெரிந்த மூன்று அடையாளங்களை நோட்டின் பின் அட்டையில், வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். தம்பியின் நோட்டில் அவனே எழுதியிருப்பது: "மூணு மணிக்கு முழிப்பு. எல்லாருக்கும் போன். கடன் கேக்குறது." அதற்குக் கீழே என் நம்பரும் அத்தான் நம்பரும் இருக்கிறது.